பதினோரு வீட்டு வெண்டைப் பாத்தி

விடியுமுன்னே, ஆலையில் மிஷின் பழுது பார்த்த பிட்டர் கடப்பாரையை ஓங்கிவிடுவார். மூடிக் கிடந்த நூல் ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டல் அது. ஒவ்வொரு குத்துக்கும் மண்ணை முந்திக்கொண்டு செங்கல் துண்டும் துருப்பிடித்த ஆணியும் எழும்பும். உள்ளங்கை தோலுரிந்து கடப்பாரையில் ஒட்டும். வேலை போன பதினோரு வீட்டாரும் முள் வெட்டி, கல் பொறுக்கி, தெருமுனைக் குழாயிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தார்கள். என் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நடக்கிறது. பார்க்காமல் இருக்க நான் என்ன கல்லா?

ஆலைப் புத்தி லேசில் போகுமா? செடிக்கும் மூன்று ஷிப்ட் போட்டார்கள், ஷிப்டுக்கு ஒரு தண்ணீர். முளைத்த வெண்டை அத்தனையும் வேரழுகிச் செத்தது.

"செடிக்கு லீவே விடமாட்டீங்களாடி?" என்றேன்.

"உங்க ஜன்னலுக்கு லீவு உண்டா, பெரியம்மா?" என்றாள், ஆலையில் கோனில் நூல் சுற்றியதால் எல்லாருக்கும் கோன் அக்கா. வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

மிச்சம் ஒரு கைப்பிடி விதை. அதை ஊன்றி, காலையில் மட்டும் நனைத்தார்கள். பிட்டர் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. எனக்குத் தெரியாதா, அந்தப் புகை என் வீட்டுக்குத்தானே வரும்? பிறகு அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றானது.

செடி பூத்த வாரம் ஆலை முதலாளி வந்தார். துப்புரவான நிலத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"நாளைக் காலையில மண்ணைத் தள்ளுற மிஷின் வருது. காலி பண்ணுங்க."

"பத்து நாள் பொறுங்க, காய் பறிச்சுக்கறோம்" என்றார் பிட்டர்.

"என் நிலத்துல யாரைக் கேட்டு விதைச்சீங்க?"

"ஆலையை யாரைக் கேட்டு மூடினீங்க?" என்றாள் கோன் அக்கா.

முதலாளி பிட்டரைத் தனியே தள்ளிக்கொண்டு வந்தார், சரியாக என் ஜன்னலடிக்கு.

"நீ நல்ல வேலைக்காரன்பா. இங்க வாட்ச்மேன் வேணும். இவங்களைக் கிளப்பிவிட்டுட்டு நாளைக்கே சேர்ந்துக்கோ."

ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினேன். பிட்டர் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார். சரி என்றிருந்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? நான் சொல்லமாட்டேன்.

சட்டென்று தலையை நிமிர்த்திக் கத்தினார்: "எல்லாரும் கேளுங்க! முதலாளி எனக்கு வேலை தர்றாராம். உங்களை விரட்டுற வேலை!"

எல்லாரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிட்டரின் மனைவி முந்தானையை உதறிச் செருகினாள்.

"அந்த வேலையை அவரே பார்த்துக்கட்டும். நீங்க வாங்க, களை கிடக்கு."

மறுநாள் மிஷின் வந்துவிட்டது. பதினோரு வீட்டாரும் பிள்ளைகுட்டிகளோடு பாத்திகளுக்கிடையே குந்தியிருந்தார்கள். பிள்ளைகளை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

நான் எதற்குப் படியிறங்கினேன் என்று கேட்காதீர்கள். பிட்டரின் மனைவி நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்க பெரியம்மா. பார்த்து, செடியை மிதிச்சிடாதீங்க."

மிஷின் உறுமிக்கொண்டே நின்றது. புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.