சேராத திரைகள்

அந்தத் தெருவில் விளக்குப் போட்ட பிறகு தெருப்பக்கத்து ஜன்னலை யாரும் மறைப்பதில்லை. அதனூடே யாரும் உள்ளே பார்ப்பதுமில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மறைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். பார்த்தால் பார்ப்பவரிடம் ஏதோ கோளாறு என்று பொருள். ஆகவே முன்னறைகள் கடைக் கண்ணாடிப் பெட்டிகளைப்போல் ஒளிர, மனிதர்கள் தத்தம் செருப்பைப் பார்த்தபடி கடந்து சென்றார்கள். யார் வீட்டில் புதுச் சோபா, யார் வீட்டில் இரண்டு நாளாய்ப் பேச்சுவார்த்தை இல்லை என்பது மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அத்தெருவுக்குத் திரைச்சீலை தைப்பவள் தையல்காரி. கம்பி பொருத்துபவர் அவள் கணவர். ஜன்னலின் இருபுறமும் அலங்காரமாய்த் தொங்கும் ஒடுங்கிய இரண்டு துண்டுகளையே அவள் எப்போதும் தைத்தாள். இழுத்தாலும் அவை ஒன்றையொன்று தொடா. இழுப்பாரும் இல்லை.

தெருக்கோடி வீட்டுக்குப் புதிதாய்க் குடிவந்தவள் கேட்டது வேறு.

"ரெண்டும் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும்க்கா. உள்ள கறுப்பு லைனிங் வச்சுக் குடுங்க. ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய போகக் கூடாது."

"போட்டோ கழுவப் போறியாம்மா?"

"இல்லக்கா, சும்மா இருக்கப் போறேன்."

இந்தப் பதில் தையல்காரிக்குப் பிடிபடவில்லை. சும்மா இருப்பதற்கு எதற்குக் கறுப்புத் துணி? ஆனாலும் தைத்துக் கொடுத்தாள். கணவர் எடுத்துப்போய் மாட்டிவிட்டு வந்து, "ஆச்சு" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் முகம் கழுவப் போனது சற்று அவசரமாக இருந்தது என்று அவளுக்குப் பின்னால்தான் தோன்றியது.

தோன்றவைத்தவள் எதிர்வீட்டு ரேடியோ. தெருச் செய்தியெல்லாம் அவள் வாய்வழியே ஒலிபரப்பானதால் அந்தப் பெயர்.

"என்னடி, கோடி வீட்டுல தொங்குறது நீ தச்சதே இல்லையே? பழைய பெட்ஷீட்டு, பூப்போட்டது."

"நீ எதுக்கு அங்க பாத்தே?"

"நான் எங்க பாத்தேன்? கண்ணுல பட்டுச்சு. உன் வீட்டுக்காரர் நேத்தும் அங்க போனாரு, அதுவும் கண்ணுல பட்டுச்சு. அவ புருஷன் ஊர்ல இல்லையாமே? நமக்கெதுக்கு, விடு."

விட முடியவில்லை. அன்று கணவரின் சட்டையை உதறும்போது தோளிலிருந்து வெள்ளையாய், மாவுபோல் ஒரு தூள் உதிர்ந்தது. கம்பி மாட்டிவிட்டு வரும் நாளில் அவர் மேல் செங்கல் தூள்தான் படிந்திருக்கும். அவள் விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தாள், வாசனை இல்லை. வாசனை இல்லாத பவுடரும் உண்டு.

மாலை, விளக்கொளியில் அமர்ந்து கேட்டாள். புன்னகையோடுதான் கேட்டாள், திறந்த ஜன்னலின் முன் சண்டையும் சிரித்த முகத்தோடுதான் நடந்தாக வேண்டும்.

"இன்னைக்கு எங்க வேலைங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்." அவரும் சிரித்தார்.

இருவருடைய பற்களும் தெருவுக்குத் தெரிந்தன. அழுதால் மறுநாள் ஒலிபரப்பாகும். கத்தினால் அன்றே ஆகும். பதினெட்டு ஆண்டுத் தாம்பத்தியத்தில் முதல்முறையாக அந்த மனிதரிடம் கேட்க அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க ஓர் அறை இல்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் பின்தொடர்ந்தாள். கோடி வீட்டில் பூப்போட்ட போர்வை ஜன்னலை முழுதாய் அடைத்திருந்தது. உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. ஒரு பெண் சிரித்தாள். தையல்காரி கதவைத் தட்டினாள், தட்டினாள் என்பதைவிட அடித்தாள் எனலாம்.

கதவைத் திறந்தவளின் தலைமுடியெல்லாம் வெண்தூள். பின்னால் ஏணியில் கணவர், கழுத்தில் வளைந்த கம்பியோடு, மாட்டிக்கொண்ட மாடு போல் விழித்தார். ஜன்னலுக்கு மேல் சுவர் முழுக்கத் துளைகள். பாதிக்குமேல் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டி மாவால் அடைக்கப்பட்டிருந்தன. நாற்காலியில் தையல்காரி தைத்த திரைகள் மடித்தபடியே கிடந்தன.

"எப்பவும் போலக் கம்பியோட நுனியில ஒண்ணு, உள்ள தள்ளி ஒண்ணுன்னு தாங்கி அடிச்சேன்," என்றார் அவர், ஏணியை விட்டு இறங்காமலே. "ஸ்க்ரீனோட வளையம் அந்த உள்தாங்கியைத் தாண்டி நகரவே மாட்டேங்குது. உள்தாங்கியைக் கழட்டினா, துணி கனத்துக்குக் கம்பி தொங்கிப்போய்ச் சுவரோட பேத்துக்கிட்டு வருது. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது ஸ்க்ரீன் நகரணும்னு கேட்டாங்களா?"

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"சொன்னா நீ சிரிப்பே."

புதியவள் குறுக்கிட்டாள். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டார்க்கா."

தையல்காரி போர்வையைப் பார்த்தாள். "சரி, நீ இதை மூடிக்கிட்டு உள்ள என்னதாம்மா பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா. காலை நீட்டிப் படுத்துக்கறேன். சில நாள் எங்க வீட்டுக்காரரை நினைச்சு அழுவேன். அதை எதுக்குத் தெருவுல போறவங்க பாக்கணும்? எங்க ஊர்ல ஜன்னலைத் திறந்து போட்டா, என்னைப் பாருன்னு கூப்பிடுற மாதிரி."

தையல்காரியும் கணவரும் வீடு திரும்பினார்கள். விளக்கைப் போட்டதும் பழக்கத்தில் இருவர் முகத்திலும் புன்னகை வந்தது.

"நீ என்னைச் சந்தேகப்பட்டே, இல்ல?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. எழுந்து தன் வீட்டுத் திரைகளை இழுத்தாள். அவை உள்தாங்கியில் முட்டி நின்றன. அவளே தைத்தவை, அவரே மாட்டியவை. வெட்டில் மிஞ்சிய கறுப்புத் துணியை எடுத்து, இடைவெளியின் குறுக்கே விரித்து, ஓரமாகக் குண்டூசி குத்தத் தொடங்கினாள்.

"ஏய், என்ன பண்றே? எல்லாரும் பாப்பாங்க!"

"பாக்கட்டும். நான் உங்ககிட்ட அழணும்."

எதிர் ஜன்னலில் ரேடியோ அசையாமல் நின்றிருந்தாள். தையல்காரி தலை நிமிர்த்தி, அந்த ஒளிரும் அறைக்குள் நேராக, நிதானமாகப் பார்த்தாள். பிறகு கடைசிக் குண்டூசியைக் குத்தினாள்.