பத்மகுமாருக்காக ஓர் ஒத்திகை

வியப்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார் அழகியநம்பி. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், 'பத்மதீர்த்தக் குளம், 4.10 முதல் 4.20' என்று எழுதி, அதற்குக் கீழே 'வியப்பு ஐந்து நிமிடம், போட்டோ ஐந்து நிமிடம்' என்று பிரித்தும் வைத்திருந்தார். ஆரியசாலையில் மிளகாய், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற மனுஷர். எதையும் எடை போட்டுத்தான் கொடுப்பார். அவர் மனைவி பகவதியம்மாள் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள்.

இத்தனை மெனக்கெடலும் பத்மகுமாருக்காக. அழகியநம்பியின் மாமா மகன், சென்னையில் பெரிய உத்தியோகம். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "மச்சான், உங்க திருவனந்தபுரத்துல எட்டு மணிக்கு மேல நாயாவது முழிச்சிருக்குமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிற ஆள். நாளைக்குச் சனிக்கிழமை மத்தியானம் மனைவியோடு விமானத்தில் வந்து இறங்குகிறார். மறுநாள் காலையில் கன்னியாகுமரி. நடுவில் இருப்பது அரை நாள். "பாக்கிற மாதிரி ஏதாவது இருந்தா காட்டுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த 'ஏதாவது' அழகியநம்பியைத் தூங்க விடவில்லை.

"நடத்தியே அவன் வாய அடைக்கணும்," என்றார். "கோட்டை, குளம், நல்ல தீனி, ராத்திரி வெளிச்சம், எல்லாம் காட்டி விடணும். அதுக்கு முன்னால இன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒரு தடவ நடந்து பாத்திருவோம். நீ பத்மகுமார் பெண்டாட்டின்னு வச்சுக்கோ. எங்க வச்சுக் கால் வலிக்குன்னு சரியாச் சொல்லணும், கேட்டியா."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அழகியநம்பி அவளை ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொருத்தன் பெண்டாட்டியாக. பகவதியம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு அந்த மனுஷரிடம் ஏதாவது எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அவள் கண் தாளில் இருந்த சாப்பாட்டுக் கடைகளின் மேல்தான் இருந்தது. கிழக்கேகோட்டையில் வடைக்கு ஒரு ஓட்டல், தம்பானூரில் இரவுக் காட்சிக்கு மொட்டைமாடி உள்ள ஒரு லாட்ஜ், பழவங்காடியில் போளிக்கு ஒரு கடை. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் சூட்சுமம் புரிந்துவிட்டது. மூன்று பேரும் இவரிடம் சரக்கு எடுக்கிறவர்கள். உள்ளே நுழைந்ததும் முதலாளிமார் எழுந்து நின்று, 'வாங்க, வாங்க' என்று கும்பிடுவார்கள், பத்மகுமார் அதைப் பார்த்து வாயைப் பிளப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த திருவனந்தபுரம் அவ்வளவுதான். மல்லி மூட்டை போகிற இடமெல்லாம் ஊர், போகாத இடம் காடு.

ஆனால் அந்த மூன்றாவது கடையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. சிபியின் போளிக் கடை.

மூன்று வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் நான்கு மணிக்கு, வலியசாலையில் வடிவம்மாள் வீட்டில் பஜனை என்று சொல்லிவிட்டு அவள் கிளம்புவது வழக்கம். வடிவம்மாள் மகனோடு பெங்களூர் போய் இரண்டு வருஷமாகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்டோவில் மூன்று நிமிடத் தூரத்தில் இருக்கிற பூட்டு, அது அழகியநம்பி கண்ணில் படவே இல்லை. மகள் மீனு கல்யாணமாகிப் புனே போன பிறகு, ஒரு நாள் மூக்குக்கண்ணாடி வாங்கப் போனவள் பஸ்ஸைத் தவறவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. மியூசியம் தோட்டத்து பெஞ்சில் ஒரு மணி நேரம், பாளையத்தில் ஒரு சாயா, திரும்பும்போது சிபி கடையில் போளி, பிறகு கிழக்கேகோட்டை நடைமேம்பாலத்தில் நின்று விளக்கெரிகிற ஊரைப் பார்ப்பது, எட்டு மணிக்கு வீடு. அந்த நாலு மணி நேரத்தில் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். வாரத்தில் மற்ற ஆறு நாளையும் அதற்காகத்தான் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இது தெரிந்தால் அழகியநம்பி ஏச மாட்டார், அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் இல்லை. கூட வருவார். அதுதான் பகவதியம்மாளுக்குப் பயம்.

"எனக்கு இனிப்பு ஆகாதுல்லா," என்று சொல்லிப் பார்த்தாள். "அந்தப் போளிக் கடைய வெட்டிருங்க."

"நீ தின்னாண்டாம். பத்மகுமார் பெண்டாட்டி தின்பா," என்றார் அவர்.

நான்கு மணிக்குக் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அழகியநம்பி கையில் தாளும் பேனாவுமாக முன்னால் போனார். பகவதியம்மாள் பத்தடி பின்னால். சாலைக் கடைத்தெருவைத் தாண்டிக் குளக்கரைக்கு வந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்து, "இந்தா, வியந்துக்கோ," என்றார்.

"வியந்தாச்சு," என்றாள் பகவதியம்மாள்.

மனுஷர் அதைத் தாளில் 'சரி' போட்டுக் குறித்துக்கொண்டார். சாயங்கால வெயில் கோயில் கோபுரத்தில் ஏறி நிற்கிறது, தண்ணீருக்குள் இன்னொரு கோபுரம் தலைகீழாக அசைகிறது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எழுதினார்.

வடை ஓட்டலில் அவருக்கு முதல் அடி விழுந்தது. கல்லாவில் இருந்த இளைஞனிடம் போய் வாய் நிறையச் சிரிப்போடு நின்றார். அவன் நிமிரவில்லை. "ஆரியசாலை அழகியநம்பி," என்றார். அவன், "டோக்கன் எடுத்தோ?" என்று கேட்டான். பத்து வருஷமாக எல்லா ஆர்டரும் போனில்தான், சரக்கு போவது வண்டியில்தான். இவர் முகத்தை எவன் கண்டான்? குரலைக் கொஞ்சம் உயர்த்தி மல்லி என்று சொல்லியிருந்தாலாவது ஒருவேளை அடையாளம் கண்டிருப்பான். வரிசையில் நின்று டோக்கன் எடுத்து, நின்றுகொண்டே வடை தின்றார்கள்.

"புது ஆளு போல," என்றார் அழகியநம்பி.

"பின்னே," என்றாள் பகவதியம்மாள். அந்தப் பையன் இரண்டு வருஷமாக அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்து, 5.20க்குப் புத்தன்மாளிகை. அரண்மனை அந்நேரம் பூட்டிவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அது ஒரு காரணம். பூட்டிய வாசலில் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். ஆசை நிறைவேறியது. அழகியநம்பி கம்பிக் கதவைப் பிடித்து, கடன் கேட்டு வந்த ஆள் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தாளில் அந்த வரியை அடித்தார்.

லாட்ஜ் மொட்டைமாடி இன்னும் விசேஷம். இவர் பெயரைச் சொல்லியும் நம்பாமல், யாருக்கோ போன் போட்டுக் கேட்டுத்தான் மேலே விட்டார்கள். ஆறு தண்ணீர்த் தொட்டி, கொடி கொடியாகக் காய்கிற படுக்கை விரிப்பு, ஜெனரேட்டர் சத்தம். இரண்டு விரிப்புக்கு நடுவே தலையை விட்டால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிந்தது.

"நல்ல இரவுக் காட்சி," என்றாள் பகவதியம்மாள். "பத்மகுமார் மயங்கி விழுந்திருவாரு."

அழகியநம்பி விரிப்பை விலக்கிவிட்டுத் திரும்பினார். முதல் தடவையாக அவர் முகம் வாடியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது. பாவம் என்று தோன்ற வேண்டிய இடத்தில் தோன்றவில்லை. ஒரு கேலிக்காரனின் வாயை அடைக்க இத்தனை தூரம் நடக்கிற மனுஷர், வீட்டில் இருக்கிறவளுக்காக வாசல்படி இறங்கியதில்லையே.

மிச்சம் இருந்தது போளிக் கடை. பழவங்காடி வரும்வரை அவள் தலைவலி என்றாள், கால்வலி என்றாள். கால்வலியைத் தாளில் குறித்துக்கொண்டாரே தவிர, நிற்கவில்லை. இந்தக் கடையாவது தன் மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தார். படியேறியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சிபி இருக்காரா?" என்றார்.

சட்டி முன்னால் நின்றிருந்த சிபி திரும்பினார். முகம் மலர்ந்தது. பார்த்தது அவரை அல்ல.

"அய்யோ, சேச்சி! இன்னு வெள்ளியல்லே? புதனாழ்ச்ச வந்நு போயதல்லே உள்ளு?" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். கேட்காமலே வாழை இலைத் துண்டை விரித்து, இரண்டு போளி வைத்து, அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றினார். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். பிறகுதான் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்தார். "இது சேச்சியுடெ ஆளா? இரிக்கு சாரே," என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சேச்சி மூணு வருஷமாயிட்டு நம்முடெ ஆளாணு. மழையாயாலும் புதனாழ்ச்ச ஏழு மணிக்கு எத்தும்."

கடை முழுக்க அவளைப் பார்த்துச் சிரித்தது. மூன்று வருஷம் கட்டிக் காத்தது ஒரு இலைத் துண்டில் போயிற்று என்று நினைத்தாள் பகவதியம்மாள். அழகியநம்பி தான் யார் என்று சொல்லவே இல்லை. பருப்பைப் பற்றிப் பேசவில்லை. உட்கார்ந்து, போளியைப் பிய்த்துத் தின்றார். இலையில் ஒரு பொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வந்து கிழக்கேகோட்டை வரை நடந்தார்கள். வீட்டுக்கு நேராகப் போகலாம். பகவதியம்மாள் போகவில்லை. எல்லாம் தெரிந்த பிறகு என்ன ஒளிவு என்று நடைமேம்பாலத்தில் ஏறினாள். அவர் பின்னாலேயே வந்தார். கீழே பஸ்களின் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. கோட்டை வாசலுக்கு அப்பால் கோபுரம் பொன்னாக எரிந்தது. பூக்கடைக்காரர்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் கடைத்தெரு முழுக்க வெளிச்சம். மணி எட்டேகால், ஒரு நாய் அல்ல, ஊரே முழித்திருந்தது.

அழகியநம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "யாரு கூட வருவே?" என்றார்.

"யாரு கூடயும் இல்ல. தனியாத்தான்."

"அப்போ பஜனை?"

"வடிவம்மாள் ஊர்லயே இல்ல. ரெண்டு வருஷமாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். கல்யாணமாகி வந்த மாசமே சொன்னேன். மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். 'இந்த ஊர்ல பாக்க என்னட்டி இருக்கு'ன்னு கேட்டீங்க. இப்போ அதையே பத்மகுமார் கேட்டா உங்களுக்கு மானம் போகுது."

அப்படி ஒரு நாள் கேட்டது அவருக்கு ஞாபகமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு அது இன்னும் கசந்தது. பிறகு தாளை எடுத்துக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். "நாளைக்கு நீயே கூட்டிட்டுப் போ. உனக்குத்தான் தெரியும்."

"கூட்டிட்டுப் போறேன். பத்மகுமார் வாயையும் அடைக்கேன்."

"இனி புதனாழ்ச்ச நானும் வாறேன்," என்றார் அழகியநம்பி. ஏதோ பெரிய வரம் கொடுக்கிற மாதிரி, கனிவாகச் சொன்னார். "நாலு மணிக்குக் கடைய விட்டுட்டு வந்திருதேன். இனி நீ தனியாப் போகாண்டாம்."

இதற்குத்தான் அவள் மூன்று வருஷம் பயந்தாள். வந்தேவிட்டது. இருபத்தேழு வருஷமாக அவர் எது சொன்னாலும் 'சரி' என்று சொல்லிப் பழகிய நாக்கு, இன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுக்க மறுத்தது.

"வேண்டாம்," என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"நீங்க வரவேண்டாம். நீங்க வந்தா நான் உங்களப் பாத்துக்கிடணும். தண்ணி வேணுமா, உக்காரணுமா, வெயிலடிக்குதான்னு கேக்கணும். ஊரப் பாக்க முடியாது. எனக்கு ஊரப் பாக்கணும்."

மேம்பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொல்லியிருந்தாள். பார்க்கட்டும் என்று இருந்தது. அழகியநம்பி கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். முறைத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தாள். அவர் செருமினார்.

"சரி," என்றார். அந்தச் சொல் அவர் வாயில் புது வடிவில் வந்தது. "எட்டு மணிக்கு ஓடி வரணும்னு இல்ல. ஒன்பதோ ஒன்பதரையோ ஆகட்டும், சாரமில்ல. சோத்த நானே போட்டுத் தின்னுக்கிடுதேன்."

பகவதியம்மாளுக்குச் சந்தோஷம்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டு எந்த அலமாரியில் இருக்கிறது, ரசத்தை எதில் ஊற்றி வைத்திருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தேடட்டும்.