பதினோராவது ஆள்

1966 ஜூலை பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இறந்துபோன தம்பிராஜா மலாக்கா ஆற்று முகத்துவாரத்துப் படகுத்துறையில் வந்து இறங்கினார். வயது முப்பது. காலில் செருப்பு இல்லை. மற்றபடி குறை ஒன்றுமில்லை. துறையில் காத்திருந்த அவருடைய மருமகள் ருக்மணிக்கு வயது முப்பத்திரண்டு. அவள் காத்திருந்தது தன் கணவன் கலியாணசுந்தரத்துக்காக.

கலியாணசுந்தரம் தெங்கேராவில் இருந்த யூசுப்பின் தொங்கான் என்ற சரக்குப் படகில் எஞ்சின் பார்ப்பவர். இங்கிருந்து துணியும் சோப்பும் ஏற்றிப்போவார்கள், சுமத்ராவிலிருந்து ரப்பரும் அடுப்புக்கரியும் ஏற்றிவருவார்கள். 1963 செப்டம்பரில் கடலுக்கு இக்கரை அக்கரை நாடுகளுக்குள் பகை முற்றி வாணிபம் நின்ற அன்று தொங்கான் சுமத்ரா பக்கத்துப் பெங்காலிஸ் கரையில் கட்டிக்கிடந்தது. அதிலிருந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மலாக்காவில் கரி விலை ஏறியது, கருவாடு விலை ஏறியது, ருக்மணி காஜா பேராங்கில் ஒரு காப்பித்தூள் ஆலையில் சல்லடை பிடிக்கப் போனாள். மகள் கோகிலாவுக்கு அப்போது மூன்று வயது. மூன்று வருடத்தில் அவளுக்கு அப்பாவின் முகம் மறந்துபோயிற்று. ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் போலவே ருக்மணிக்கும் வியர்வையில் காப்பி மணம் வர ஆரம்பித்தது.

பிறகு பாங்காக்கில் பேச்சுவார்த்தை நடந்தது. நாடுகள் பேச ஆரம்பித்தால் முதலில் கையில் இருக்கும் சின்னச் சாமான்களைத்தான் கொடுத்து வாங்கும். கடல் எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஆட்களை மாற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று: பதினொருவருக்குப் பதினொருவர். இங்கிருந்து பட்டியல் போயிற்று. இந்த ஊர் வழக்கப்படி மகன் பெயரை எழுதிப் பக்கத்தில் தகப்பன் பெயரை எழுதினார்கள். கலியாணசுந்தரம் தம்பிராஜா. அக்கரையில் கடைசிப் பெயரைத்தான் ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு பதிவேட்டில் தேடினார்கள். தம்பிராஜா இருந்தார். 1943இல் ஜப்பான்காரன் சுமத்ராவில் தண்டவாளம் போட அவரைக் கொண்டுபோனான். அடுத்த வருடம், கூடப் போன ஒருவர் திரும்பி வந்து தம்பிராஜா காய்ச்சலில் செத்துப்போனார் என்று சொன்னார். கருமாதி நடந்தது. ஆனால் அந்த முகாமின் பதிவேடு ஜப்பான்காரனிடமிருந்து டச்சுக்காரனுக்கும் டச்சுக்காரனிடமிருந்து புதிய குடியரசுக்கும் கைமாறியபோது அவர் பெயரை யாரும் அடிக்கவில்லை. போய்ப் பார்த்தார்கள். பாயில் படுத்திருந்தார். எட்டு நாளாகக் காய்ச்சல், இன்றைக்குப் பரவாயில்லை என்றார்.

படகுத்துறையில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் இந்த நாட்டு அதிகாரி கணேசமூர்த்தி. எதிரே அந்த நாட்டு அதிகாரி. நடுவில், இருவரும் ஒப்புக்கொண்ட சாட்சி, பாங்காக்கிலிருந்து வந்தவர், கையில் விசிறியோடு. ஒவ்வொரு ஆளையும் அவன் வீட்டார் மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மாற்றம் செல்லாது; இரண்டு பக்கத்து ஆட்களும் வந்த வழியே போக வேண்டும்.

“இது எங்க மாமனாரு. செத்துப்போனவரு,” என்றாள் ருக்மணி. சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த முகத்துக்குத்தான் அவள் அமாவாசைதோறும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி ஆளைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார். “செத்தவரு வெயில்ல நிக்கிறாரேம்மா. ஃபாரத்துல ரெண்டு பேரு இருக்கு. அவுங்க பின்னால உள்ள பேரப் பாத்துக் குடுத்துட்டாங்க.”

“அப்ப எங்க வீட்டுக்காரரு?”

கணேசமூர்த்தி எதிரே இருந்தவரிடம் மலாயில் கேட்டார். அவர் பட்டியலில் விரலை ஓட்டி, ஒரு வரிக்கு ஓர் ஆள் கொடுத்தாகிவிட்டது என்றார். சாட்சி எழுந்து எண்ணினார். பதினொன்று. எண்ணிக்கை சரி என்று சொல்லி உட்கார்ந்தார்.

ஒரு மணிக்குத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். மற்றப் பத்துப் பேரும் துறையின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார்கள். அவர்கள் வீட்டார் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ருக்மணியைப் பார்த்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஷரீஃபுதீனின் மனைவி சபியா கிட்டே வந்தாள்.

“எங்க ஆளப் பாரு ருக்மணி. எலும்பத் தவர ஒண்ணுமில்ல. போட்டுரு.”

“ஒன் ஆளுக்குப் பதிலா ஒன் மாமனாரு வந்தா நீ போடுவியா?”

“போடமாட்டேன்,” என்றாள் சபியா. “அதான் ஒங்கிட்டக் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்.”

தம்பிராஜா குடிக்கத் தண்ணீர் கேட்டார். ருக்மணி கொடுத்தாள். கணவனுக்கென்று கொண்டுவந்த சோற்றையும் கொடுத்தாள். அவர் நின்றபடியே தின்று முடித்தார். பன்னிரண்டே முக்காலுக்கு அவள் மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டாள். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் மாதம் இரு நாடுகளும் சமாதானமாகிவிட்டதாக வானொலி சொன்னது. ருக்மணி பதினான்கு மனு எழுதினாள். பதினான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: கலியாணசுந்தரம் தம்பிராஜா என்பவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டார், கையொப்பம் தங்களுடையது. மகனின் அடையாளக் கார்டையே தகப்பனுக்குக் கொடுத்தார்கள், முகம் ஒத்துப்போயிற்று. சர்க்காரின் கணக்கில் அவள் புருஷனோடு வாழ்ந்தாள். வீட்டில், தன்னைவிட இரண்டு வயது இளையவரை மாமா என்று கூப்பிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோறு போட்டாள். அவர் தன் படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டை தனக்குப் பிடிக்காதது என்று மட்டும் சொன்னார். கோகிலா அவரைத் தாத்தா என்றாள். “ஒங்க தாத்தாவுக்கு ஒரு பொண்ணு பாக்கட்டுமா?” என்று சபியா அவளைச் சீண்டுவாள். காஜா பேராங்கில் வேறு யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அவருக்கு வயது ஏற ஆரம்பித்தது, எல்லோருக்கும் ஏறுவது போல, வருடத்துக்கு ஒன்று.

யூசுப் புதுத் தொங்கான் வாங்கினார். 1968 ஏப்ரலில் தம்பிராஜா மகனுடைய இடத்தில் எஞ்சின் பார்க்கப் போனார். தன்னைக் கொடுத்துவிட்டு மகனை வாங்கிவருவதாக ருக்மணியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் நாள் மத்தியானம் தனியாகத் திரும்பினார். கால்முகம் கழுவிவிட்டு அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தார்.

“இருக்கான்,” என்றார். “தலை பஞ்சா நரைச்சுக் கெடக்கு. பல்லு ஒண்ணுகூட இல்ல. பாத்தா எனக்குத் தகப்பன் மாதிரி இருக்கான். அவந்தான் என்ன அப்பான்னு கூப்பிட்டான்.”

அந்த நாட்டுப் பதிவேட்டில் இப்போது இரண்டு பெயருமே இல்லை. இல்லாத ஆளை விடுதலை செய்ய ஃபாரம் கிடையாது. இரு நாடுகளும் நட்பாகிவிட்டன, இன்னும் ஓர் ஆள் பாக்கி இருக்கிறான் என்று எழுதினால் நட்புக்கு நன்றாக இருக்காது என்று அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே சொல்லியிருந்தார். தம்பிராஜா தன்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். அவரை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

ருக்மணி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவர் கை வைக்கவில்லை. அவளும் நகரவில்லை.

“கையெழுத்துப் போட்டது யாருன்னு அவரு கேட்டாரா, மாமா?”