பந்தெலேயின் இரண்டாவது கிருமி

பந்தெலேய் மாத்திரையைத் துப்பிவிடுகிறான் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவள் அவனுடைய சொந்த அக்கா அக்லாயா. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து தின்று தேறியவன், ஒரு வருடம் ஆவதற்குள் மறுபடி இருமிக்கொண்டு வந்து நின்றால் வேறு என்ன நினைப்பது? அதுவும் இந்த முறை வழக்கமான மருந்து எதற்கும் கிருமி மசியவில்லை.

"நீயே ஊட்டி வளர்த்த கிருமிடா அது. பாதி மாத்திரையத் தின்னு, பாதிய ஜன்னல் வழியா எறிஞ்சு, மருந்த எப்படிச் சமாளிக்கறதுன்னு அதுக்குப் பாடம் நடத்தியிருக்க" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

அவன் அம்மாவின் கல்லறைமேல் சத்தியம் செய்தான். குடிப்பவனுடைய சத்தியம் எங்கே எடுபடும்? ஒயின் குடிக்காத மால்டோவாக்காரன் எவன் என்று யாரும் யோசிக்கவில்லை.

புது மருந்து வந்திருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஐந்து டாக்டர்கள் கொண்ட குழு இருந்தது. மாத்திரையைத் துப்புகிறவன் என்று நோயாளியின் சீட்டில் எழுதியிருந்தால் குழு கையை விரித்துவிடும்; இவனுக்குக் கொடுத்தால் இந்த மருந்தையும் கெடுத்துவிடுவான் என்பார்கள். பந்தெலேயின் சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. புது மருந்து கிடைக்காவிட்டால் அவன் இன்னொரு ஈஸ்டரைப் பார்ப்பது சந்தேகம்.

அக்லாயாவுக்கு அதே ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் கிருமிகளின் மரபணுவைப் படிக்கும் வேலை. காசநோய்க் கிருமி நிதானமானது. அதன் மரபணுவில் ஒரு எழுத்து மாறவே ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். ஒரே உடம்புக்குள் இருந்து மருந்துக்குப் பழகிய கிருமி என்றால் பழையதற்கும் புதியதற்கும் மிஞ்சிப்போனால் நாலைந்து எழுத்து மாறியிருக்கலாம், அவ்வளவுதான். புது மருந்துக்கு இது அடங்கும் என்று காட்டினால் குழுவிடம் கெஞ்சிப் பார்க்கலாமே என்ற நப்பாசையில், ஆய்வகத்தில் உறையவைத்திருந்த தம்பியின் பழைய சளியையும் புதுச் சளியையும் சேர்த்தே சோதித்தாள்.

ஆயிரத்துக்கு மேல் எழுத்து மாறியிருந்தது.

இது அதன் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. முற்றிலும் வேறு வம்சம். அப்படியென்றால் பந்தெலேய் முதல் கிருமியை ஒழுங்காக மாத்திரை தின்று ஒழித்திருக்கிறான். இரண்டாவது வெளியிலிருந்து வந்து ஒட்டியது. அக்லாயா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். யாரிடமிருந்து வந்தது என்று பழைய பதிவுகளைத் தேடினாள். ஹரலாம்பி என்ற கிழவரின் கிருமியோடு ஒரு எழுத்து பிசகாமல் பொருந்தியது. ஏழாம் அறையில் பந்தெலேய்க்குப் பக்கத்துக் கட்டில். அவருடையது மருந்துக்கு அடங்காத வகை என்று கண்டுபிடித்து வேறு அறைக்கு மாற்றுவதற்குள் ஐந்து வாரம் ஓடியிருந்தது. அவர் வந்து சேர்ந்தது டிசம்பர் பத்தாம் தேதி.

பந்தெலேய் நவம்பரிலேயே தேறிவிட்டான். வீட்டுக்குப் போகிறேன் என்று மூட்டைகூடக் கட்டினான். அக்லாயாதான் ஒரு ஜாடித் தேனோடு டாக்டர் லுபாஷ்குவிடம் போய் நின்றாள். வீட்டில் விறகில்லை, இங்கே சூடு இருக்கிறது, மூன்று வேளை சூப்பும் ரொட்டியும் இருக்கிறது, பனி உருகும்வரை பையன் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். குளிர்காலத்தில் அங்கே ஒரு கட்டிலும் காலியாக இருக்காது.

இப்போது லுபாஷ்கு அவள் நீட்டிய காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதக் குழுவுல வச்சா, தேறினவன் டிசம்பர்ல இங்க என்ன பண்ணினான்னு கேப்பாங்க. நான் உங்க பேரச் சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க."

"உங்க தம்பியும் அங்கதான் இருப்பான்."

"தெரியும் டாக்டர்."

குழு செவ்வாய்க்கிழமை கூடியது. கேட்டார்கள், லுபாஷ்கு சொன்னார். சீட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புது மருந்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பந்தெலேயும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தாழ்வாரத்துக்கு வந்ததும், நாலு பேர் பார்க்கத் திட்டித் தீர்ப்பான் என்று அக்லாயா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவன் முகமூடியைச் சரிசெய்துகொண்டான். மூச்சு வாங்கியது.

"இந்தத் தடவ தேறினா, எனக்காக யார்கிட்டயும் போய்க் கெஞ்சாதக்கா" என்றான்.