கோபத்துக்கு ஒரு ஜூஸ்

தையல் ஆலையில் அவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கி வைத்த துணியை மெஷின் கத்தியில் அளவு பார்த்து வெட்டும் வேலை. கைவேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நான்கு மாதத்துக்கு முன்னால் உடம்பு துரும்பாக இளைத்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டைப் ஒன் சர்க்கரை என்றார் டாக்டர். இனிப்புத் தின்று வந்ததல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே விட்டுவிட்டது, இனி ஆயுசுக்கும் ஊசி. அழுதாள், பிறகு கற்றுக்கொண்டாள். சாப்பாட்டுக்குத் தகுந்த ஊசி, மெஷினைத் தொடுமுன் விரலில் குத்திப் பார்ப்பது, எல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். சர்க்கரை இறங்கினால் எரிச்சல் வரலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் கணவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்றோடு அவளுக்குக் கோபப்படும் உரிமை போயிற்று. குழாய் ஒழுகுகிறது, எத்தனை தரம் சொல்வது என்று குரலை உயர்த்தினால், இறங்கிய சர்க்கரையை ஏற்ற ஜூஸ் வரும். அவன் அக்கா பேசிய பேச்சைச் சொல்லிப் பொருமினாலும் ஜூஸ் வரும். மனுஷன் நல்லவன்தான், அதுதான் கொடுமை.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"முதலாளிக்கு போன் பண்ணி என்ன சொன்னீங்க? என்னை மெஷின்லேர்ந்து எடுத்துட்டு, பிசிறு வெட்டுற மேசையில உக்கார வச்சுட்டாரு!"

"முதல்ல உக்காரு. கை நடுங்குது பாரு, சுகர் இறங்கியிருக்கும்."

"பேச்சை மாத்தாதீங்க!"

ஆனால் கை நடுங்கத்தான் செய்தது. குத்திப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். எல்லாம் சர்க்கரை செய்த வேலைதான் என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஜூஸைக் குடித்தாள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். "இப்ப சரியாயிடும்மா" என்று அவன் இரண்டு தரம் சொன்னான். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை அடங்கியது, நடுக்கமும் நின்றது. உள்ளுக்குள் அவளுக்கே பயம். இந்தக் கோபமும் ஜூஸோடு கரைந்து போய்விடுமோ? போய்விட்டால் இனி அவள் பேச்சை யார் நம்புவார்கள்? அவளாலேயே நம்ப முடியுமா?

மறுபடி குத்தினாள். நூற்று நான்கு. மீட்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா? இப்பவும் கோபமாத்தான் இருக்கேன்."

அவன் மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"கத்திகிட்ட போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். இறங்கியிருந்தா மெஷினைத் தொடுறதே இல்ல. உங்களுக்கு பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும். என் உடம்பைப் பத்தி, என்னைக் கேக்காம அவர்கிட்ட எப்படிச் சொல்லலாம்?"

"நீ ஆஸ்பத்திரியில கிடந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "தப்புதான். நாளைக்கு நானே வந்து அவர்கிட்ட பேசுறேன்."

"வேணாம். அதையும் நீங்க பேசாதீங்க," என்றாள். "நானே பேசிக்கிறேன்."