மானம் காக்கிற சுவர்

விடிவதற்கு முன்பே பசை கொதித்தாக வேண்டும். மாநகராட்சிக் கிடங்கின் பின்பக்கம், அடிபிடித்துக் கறுத்துப்போன அண்டாவில் மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தான் ஒட்டுக்காரன். ஆவி முகத்தில் அடித்தது. கை கொஞ்சம் ஓய்ந்தாலும் பசை கட்டி தட்டிவிடும். தோள்பட்டை கழன்று விழுகிற வேலை. தெறித்துக் கை கொப்பளித்தால் அது அவன் பாடு. நிரந்தர வேலையா என்ன? ஒட்டிய நோட்டீஸுக்கு இவ்வளவு என்று கூலி, அவ்வளவுதான்.

விதி மீறிய கட்டடங்களில் அபராத நோட்டீஸ் ஒட்டுவது அவன் பிழைப்பு. கூட வேலை செய்கிற நெட்டையனுக்கு 'ஏணி' என்று பெயர். அவன் இருந்தால் நிஜ ஏணி தேவையில்லை.

ஒட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இல்லாதப்பட்டவர்கள் குடியிருக்கும் இடம் என்றால் முன்கதவில் ஒட்ட மாட்டார்கள். ஒட்டினால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். கடைக்காரன்கூட முகம் கொடுத்துப் பேச மாட்டான். கட்டடத்தின் எண் பின்சுவரிலும் எழுதியிருக்கும் அல்லவா? அங்கே ஒட்டி, எண் தெரிகிற மாதிரி படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்கு 'மானம் காக்கிற சுவர்' என்று பெயரே வைத்திருந்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. எப்படியும் அதிகாரி நேரில் வந்து நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கெடு தொடங்கும்.

இந்த வருஷம் மாநகராட்சி அந்த விதிகளைப் புதுப்பித்தது. கூட்டம் போட்டுப் படித்துக் காட்டினார்கள். இனி அதிகாரி வர மாட்டார். ஒட்டிப் படம் பிடித்தாலே நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. அப்போதே கெடு ஓடத் தொடங்கும். அதற்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் அபராதம் இரண்டு மடங்கு, குடியிருக்கும் அறைக்குச் சீல். அபராதமும் சொந்தக்காரர் பேரில் இல்லை, உள்ளே குடியிருப்பவர் பேரில். சொந்தக்காரருக்கு ஒரு நகல் மட்டும் போகும்.

ஒட்டுக்காரனும் கூட்டத்தில்தான் இருந்தான். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டான். மேலே இருப்பவர்கள் ஆயிரம் பேசுவார்கள், நமக்கென்ன, பசை அதே பசைதானே என்று இருந்துவிட்டான். அந்த அலட்சியத்தால்தான் இப்போது அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் அவனுக்குக் கொடுத்த நோட்டீஸ் கட்டில் ஒரு சலவைக்கூடத்தின் விலாசம் இருந்தது. கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள்; மேலே வரிசையாக அறைகள், அவற்றில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். அதில் ஓர் அறை அவன் அக்காவுடையது. "என் தம்பி மாநகராட்சியில இருக்கான்" என்று அக்கா அங்கே எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தாள். பசை வாளியோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு முன்வாசலில் நிற்பது? பூனை மாதிரி பின்னால் போய், மோட்டார் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்துவிட்டான்.

நேற்று இரவு அக்கா போனில் அழுதாள். அறைகளுக்குச் சீல் வைக்க உத்தரவு வந்துவிட்டதாம். விடிந்ததும் அடுப்பை ஏணியிடம் விட்டுவிட்டு, அவன் சலவைக்கூடத்துக்கு ஓடினான்.

முற்றத்தில் சலவை சோடா வாடை மூக்கை எரித்தது. ஈரக் கைகளோடு எல்லோரும் வெளியே நின்றிருந்தார்கள். நாள் முழுக்கக் காரத் தண்ணீரில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிய கைகள். முதலாளி படியில் நின்றார்.

"அபராதம் உங்க பேர்ல வந்திருக்கு. நான் என்ன பண்றது?"

"எதுக்கு அபராதம்?" என்றார் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர். "பின்படிக்கட்டை பீப்பாய் அடைச்சிட்டு இருக்கு, தீப்பிடிச்சா எறங்க வழியில்லன்னுதானே? பீப்பாய் யாரோடது மொதலாளி?"

"என்னோடதுதான். ஆனா குடியிருக்கிறது நீங்க. அப்ப பொறுப்பும் உங்களது. விதி அப்படித்தான் சொல்லுது."

"படிக்கட்டு உங்களது, பீப்பாய் உங்களது, அபராதம் மட்டும் எங்களதா?"

"நோட்டீஸ் வந்தப்பவே போய்க் கேட்டிருக்கணும். அப்ப எல்லாரும் தூங்கிட்டிருந்தீங்களா? கூலியில மாசாமாசம் பிடிச்சுக்கறேன். முடியாதுன்னா அறையைக் காலி பண்ணுங்க. எனக்கும் இடம் வேணும்."

"எங்க வந்துச்சு நோட்டீஸ்?" அக்காவின் குரல் உடைந்தது. "ஒரு ஈ காக்கா பாக்கல. எவனோ ஒரு பாவி ஒட்டாமலே ஒட்டினேன்னு எழுதிட்டுப் போயிருக்கான்."

ஒட்டுக்காரன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான். பேசாமல் இருந்துவிடலாம். எவனோ ஒரு பாவி என்று போகட்டும்.  அக்கா தம்பியைத்தான் நம்பிக்கையோடு பார்த்தாள். "நீ அங்கதானே இருக்க, அந்த ஆளு யாருன்னு விசாரியேன்டா."

"ஒட்டினது உண்மைக்கா," என்றான் அவன். "நான்தான் ஒட்டினேன்."

எல்லோரையும் மோட்டார் அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நோட்டீஸ் அங்கேதான் இருந்தது. ஓரம் கூட உரியவில்லை, நல்ல பசை.

அக்கா அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள். "என் வீட்டுக்கு வந்ததை என்கிட்ட சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"உனக்கு அவமானமா இருக்குமேன்னு..."

"அவமானம் எனக்கா? வாளியோட உன்னை நாலு பேரு பாத்துருவாங்கன்னு உனக்கா?"

 அவள் சொன்னதுதான் உண்மை.

முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? உங்க ஆளே உங்களுக்கு வெச்ச ஆப்பு."

"எங்க ஆளுதான்," என்றார் பாய்லர்காரர். "அதான் வந்து நின்னு வாயைத் திறந்து சொன்னான்." பிறகு ஒட்டுக்காரன் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுக்குத் தம்பி?"

தெருத்தெருவாக அவன் கண்முன் ஓடியது. கூரைக் கொட்டகைகள், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறைகள், வயதானவர்கள் மட்டும் இருந்த வீடுகள். எல்லாவற்றிலும் பின்சுவர். இரக்கம் என்று நினைத்துக்கொண்டு ஒட்டியதெல்லாம். அந்த வீடுகளிலும் இந்நேரம் யாரோ ஒருத்தி எவனோ ஒரு பாவியைத் திட்டிக்கொண்டிருப்பாள். 

"நிறைய அண்ணே. நான் மட்டுமில்ல, நாங்க எல்லாருமே." சட்டென்று கூட்டத்தில் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. "சொந்தக்காரருக்கு அன்னைக்கே ஒரு நகல் போயிருக்கும். மொதலாளி, உங்களுக்கு வந்துச்சுல்ல?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "அது... ஆபீஸ்ல எங்கயாவது கெடக்கும்."

"கெடு முடியற வரைக்கும் கெடக்கட்டும்னு விட்டுட்டீங்க," என்றாள் அக்கா. "எங்களைக் காலி பண்ணிட்டு அறையைக் கூடுதல் வாடகைக்கு விடலாம்ல?"

அதற்குமேல் யாரும் கத்தவில்லை. பாய்லர்காரர் உள்ளே போய் நீராவியை மெல்லத் திறந்துவிட்டார். சீறல் அடங்கியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி, "ஆர்டர் கெடக்குய்யா, யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று பின்னாலேயே ஓடினார். ஈரத்துணி தொட்டிகளில் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை கிடங்கில் ஒட்டுக்காரன் எல்லாவற்றையும் சொன்னான்; பின்சுவரில் ஒட்டியதை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னான்.

"இதை வெளிய சொன்னா வேலை போயிரும்டா," என்றான் ஏணி.

"போகும்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"நாம ஒட்டி சீல் விழுந்த வீட்டுலயும் புள்ளைங்க இருந்துச்சு."

 ஏணி குனிந்து அடுப்பை அணைத்தான். மற்றவர்களும் துடுப்புகளைக் கீழே வைத்தார்கள்.

மாநகராட்சி அலுவலக வாசலில் சலவைக்கூடத்து ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். வாசல் காவலாளிக்கு ஒட்டுக்காரனின் பசை படிந்த சட்டை தெரியும். "நம்ம ஆளுங்க எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? இப்படி பக்கக் கதவு வழியா வாங்க" என்றான்.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டியது.

"யாரும் பாக்காத எடத்துல ஒட்டினேன்னு எழுத்துல குடுக்கப் போறியா? குடுத்தா நாளையிலேர்ந்து உனக்கு இங்க வேலை கிடையாது. புரியுதா?"

"புரியுது சார்."

"கெடு முடிஞ்சுபோச்சு. திரும்ப விசாரிக்கணும்னு எந்த விதியிலயும் இல்ல."

"விதியைப் புதுசா எழுதினீங்கல்ல சார்? இதையும் சேத்து எழுதுங்க," என்றார் பாய்லர்காரர் வரிசையிலிருந்து.

"சரி, சரி. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க."

யாரும் நகரவில்லை. ஒட்டுக்காரன் பக்கக் கதவுக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றிருந்தான். எங்கே போய் நிற்பது என்று அவனுக்குத் தெரியும். நிற்க விடுவார்களா என்பதுதான் தெரியவில்லை. நேற்றிலிருந்து அக்கா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரிசையின் முதலில் நின்ற அக்கா தன் பின்னால் இருந்த பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். தனக்குப் பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.

"இங்க வந்து நில்லு."

"அக்கா..."

"மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. அதை அப்புறம் பாக்கலாம். இப்ப வரிசை கலையாம நில்லு."

அவன் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் ஏணி, ஏணிக்குப் பின்னால் மற்றவர்கள். "ஒவ்வொருத்தரா!" என்று அதிகாரி மறுபடி கத்தினார். அக்கா முதல் படியில் கால் வைத்தாள். வரிசை மொத்தமும் அவளோடு ஏறியது.