வில்லில் இருந்த நம்பர்

கெடுத்தது றொபிதான். கெடுக்கவேண்டும் என்று செய்யவில்லை, நல்லது செய்யப் போய்த்தான் கெடுத்தான். மாம்புரியில் மீன்பிடிக்கிற பைபர் போட் பழுதுபார்க்கிறவனிடம் ஒரு வில்லைக் கொடுத்துப் பளபளப்பாக்கித் தா என்றால் அவன் வேறென்ன செய்வான்?

வில் அடுத்த வீட்டு றோசமேரியக்காவுடையது. அவள் புருசன் அன்ரனிப்பிள்ளைக்கு ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் வளைந்த இரண்டு தகடுகள். மூன்றையும் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். அன்ரனிப்பிள்ளை குடித்த காலத்தில் அலுமாரி போனது, தையல் மெசின் போனது, அவள் தோடும் போனது. வில்லில் மட்டும் கைவைக்க மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருந்தார். அவர் செத்த பிறகு அவளிடம் மிஞ்சியது அந்த ஒரு சத்தியம்தான்.

கனமூலை ஊர் ஸியாத் நானா பழைய வில்லைப் பார்த்து வயது சொல்கிறவர். வில் சேகரிக்கிறவர்கள் எங்கெங்கோ இருந்து அவருக்குப் படம் அனுப்புவார்கள். அவர் இதைப் பார்க்க வருகிறார் என்றுதான் வில் றொபியிடம் வந்தது. போட்டுக்குப் பெயின்ற் அடிக்க முதல் பழைய நம்பரை அரத்தாளால் தேய்த்தெடுப்பது அவன் கைப்பழக்கம். சொந்தக்காரன் பிறகு புதிதாக எழுதிக்கொள்வான். வில்லின் தகடுகளிலும் மங்கலாய்ப் பேனையால் எழுதிய நம்பர் இருந்தது. கை யோசிக்குமா? தேய்த்தான், வார்னிஷ் அடித்தான்.

ஸியாத் நானா பிடியில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்து, எழுபத்துநாலாம் வருசத்து வில் என்றார். பிறகு தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கம்பனிக்காரன் அதே நம்பரைத் தகட்டிலும் பேனையால் எழுதுவான், இதில் இல்லையே என்றார். நல்ல தகட்டை விற்றுவிட்டு ஏதோ ஒன்றை மாட்டிவைப்பது பழைய வில்லில் நடக்கிறதுதான் என்றும் சொன்னார்.

றோசமேரி றொபியைத் திரும்பிப் பார்த்தாள். “வார்னிஷ் அடிக்கக்குள்ள நம்பர் ஏதும் இருந்ததா தம்பி?”

“இல்லக்கா.”

பாழாய்ப்போன வாய். யோசிக்க முதல் அது சொல்லிவிட்டது.

“அப்ப சிலுவையத் தொட்டும் பொய்தான் சொல்லியிருக்கிறார்,” என்றாள் அவள். ஏசவில்லை, அழவில்லை. உள்ளே போய் அவருடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தாயிற்று, ஆனால் றொபிக்குச் சோறு இறங்கவில்லை. குடிகாரன் என்று ஊர் சொன்ன மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். குடிக்காத இவன்தான் அவரைக் கள்ளனாக்கினான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்றைக்குச் சொல்லுவோம் என்று வேலிவரை போவான், அவள் குரல் கேட்டதும் திரும்பிவிடுவான். இப்படியே இரண்டு கிழமை இழுத்தடித்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வந்தது வரட்டும் என்று போனான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். நம்பர் இருந்தது, இரண்டு தகட்டிலும் இருந்தது, தேய்த்தது நான்தான், அண்ணன் ஒன்றையும் விற்கவில்லை என்றான்.

அவள் கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

“நேத்து அவர் செத்த ஆண்டுநாள்,” என்றாள். “பூசை குடுக்கல்ல. கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி கூடக் கொண்டு போகல்ல. ஒரு நாளைக்கு முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா, றொபி?”